கான்வென்ட் படத்துக்கு ஆள் சேர்த்த கதை

சினிமாவுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருக்கிற உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். "அக்கா, ஒரு கான்வென்ட் சப்ஜெக்ட் வந்திருக்கு. சிஸ்டர்ஸ் நடத்துற போர்டிங் ஸ்கூல் கதை. டைரக்டர் டைவர்சிட்டி வேணும்ங்கறார். எந்த ஆளுங்கள்ல எத்தனை பேர் அனுப்பட்டும்?" என்று கேட்டாள். மார்க்கெட்டில் கேரட் அரைக் கிலோ, பீட்ரூட் அரைக் கிலோ, நூக்கல் கால் கிலோ என்று கேட்பது மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான், அவள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று எனக்கு உறைத்தது.

அந்தப் பதில் போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் ஸ்டெல்லா. ஊட்டியில் படப்பிடிப்புக்கு வந்து இறங்குகிற கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. கல்யாணக் கூட்டம், பஸ் ஸ்டாண்ட் கூட்டம், இரண்டு வரி பேசுகிற கடைக்காரர், ஒரு வரியும் பேசாத பூசாரி, யார் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அப்பா எஸ்டேட் ஆபீசில் கிளார்க். நான் படித்தது இந்த மலையில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில். நனைந்த கம்பளி ஸ்வெட்டர்கள் நாற்பது ஒரே வகுப்பில் காயும்போது வரும் வாசனை இருக்கிறதே, அது இப்போதும் மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் அந்த வாசனைதான்.

நான் ஆள் சேர்த்த கான்வென்ட் படத்துக்குப் போகும் முன் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கோடம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு கோ-டைரக்டர். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானாம்மா?" என்று தினமும் திட்டுவார். குன்னூரில் ஒரு சர்ச்சில், எங்கள் வழக்கில் கோயிலில், ஒரு கல்யாணக் காட்சி. கம்பெனி மேனேஜர் கூட்டத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் வெள்ளை முக்காடும் கையில் ஜெபமாலையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். கிழவர்கள் கழுத்தில் பெரிய பெரிய சிலுவை. கோ-டைரக்டர் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே வந்து ஒவ்வொருவரிடமிருந்தும் ஜெபமாலையைத் தானே வாங்கினார். முன் வரிசையில் ஒரு பாட்டியம்மா மட்டும், "இது என்னோடதுங்க, நான் வீட்லிருந்தே கொண்டாந்தேன்" என்றார். "அப்ப நீங்க வெச்சுக்குங்கம்மா" என்றார். மேனேஜர் முகம் சுருங்கியது. "சார், சர்ச்சு மாதிரி தெரிய வேண்டாமா?" "சர்ச்சுக்கு வர்றவன் சர்ச்சுக்கு வர்றவன் மாதிரியேவாய்யா இருப்பான்? கொழந்தை மூக்கைத் தொடச்சுக்கிட்டு, வாட்சைப் பார்த்துக்கிட்டுதான் இருப்பான்." பிறகு குல்லாயைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அந்த மனுஷரின் குரல் எனக்குக் கேட்கும். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. எல்லோரும் கூப்பிட்ட மாதிரி நானும் "கோ-டைரக்டர் சார்" என்றே கூப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

இனி கான்வென்ட் படம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. டைரக்டர் பெயர் நிர்மல். முப்பது வயது இருக்கும். முதல் படம். மரியாதையான பிள்ளை. யாரையும் கத்திக் கூப்பிட மாட்டார். கதை, மலை மேல் ஒரு போர்டிங் ஸ்கூலில் புதிதாகச் சேரும் ஒரு நகரத்துப் பெண்ணுக்கும் ஒரு இளம் சிஸ்டருக்கும் இடையிலான நட்பு. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் காலாண்டு லீவில் படம் எடுக்க அனுமதி கிடைத்திருந்தது. அங்கே தலைமை சிஸ்டரை எல்லோரும் மதர் என்று கூப்பிடுவார்கள். கேரளத்துக்காரர். "எங்க பிள்ளைங்களை வெச்சு எடுங்க, நல்லது. ஆனா ஒரு பிள்ளையும் தலை குனிஞ்சு நிக்கப்படாது" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளையே லீவில் வரச் சொல்லி நான் சேர்த்தேன். இத்தலாரிலிருந்து காலை பஸ்ஸில் வரும் படகர் வீட்டுப் பெண் ரம்யா. கூடலூரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிய ஷஹ்னா. மார்க்கெட் பக்கத்து மார்வாடிக் கடைப் பெண் ஒருத்தி. என் கோயில் பங்கைச் சேர்ந்த, அதாவது எங்கள் சர்ச்சுக்கு வரும், இரண்டு மூன்று பேர். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, யோகேஸ்வரி. பதினோராம் வகுப்பு. அவள் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அம்மா பார்வதி கைக்குழந்தையாக இருக்கும்போதே கப்பலில் வந்தாளாம். பார்வதி முதலில் கொழுந்து பறித்தாள். பிறகு இதே பள்ளி ஹாஸ்டலின் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் அம்மாவும் மகளும். மகள் அங்கிருந்து முன்வாசல் வழியாகச் சுற்றி வந்து, மற்றப் பிள்ளைகளைப் போல வகுப்புக்குப் போவாள்.

படப்பிடிப்பின் முதல் நாள் காலை, கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து பம்பாய் ஏஜென்சி அனுப்பிய பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் உயரம், சிவப்பு, பளபளப்பான முடி. முன் வரிசை பெஞ்சுகள் அவர்களுக்கு. என் பிள்ளைகள் பின்னால். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த வகுப்பைப் பார்த்தால் ஏதோ விளம்பரத்து வகுப்பு போல இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படம் அவர்களுடையது, என் வேலை ஆள் கொடுப்பது என்று பேசாமல் இருந்தேன். எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்தால், திறக்க வேண்டிய நேரத்தில் நம் பேச்சு எடுபடாது. இதையும் மனதில் வையுங்கள்.

அன்று பதினோரு மணி வாக்கில் தையல் வகுப்பறையில் காஸ்ட்யூமர் உடைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் சாம்பல் நிறப் பினஃபோரும் மெரூன் ஸ்வெட்டரும். யோகேஸ்வரியின் முறை வந்தபோது ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் அவளைத் தனியே நிறுத்தி, ஓரம் கிழிந்த ஒரு பழைய பாவாடை சட்டையைக் கொடுத்தார்.

"நீ கிச்சன் கேரக்டர். ஹீரோயினுக்கு டீ கொண்டாந்து வெப்ப. அப்புறம் செயின் காணாம போறப்போ உன்னத்தான் சந்தேகப்படுவாங்க. நல்ல சீன்."

அவள் அந்தச் சட்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி முகத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளை நிற்பது நல்லதல்ல. நான் பக்கத்தில் போனேன்.

"என்னம்மா?"

"ஆன்ட்டி, நான் ஏன் கிச்சன்?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. அவளுக்கும் தெரியும். அந்த அறையில் அவளைவிடக் கருப்பு யாரும் இல்லை.

"கிச்சன்ல வேலை செய்யறது கேவலம்னு சொல்லலீங்க. எங்கம்மா அதுதான் செய்யறாங்க," என்றாள். மெதுவாகத்தான் பேசினாள். "ஆனா எங்கம்மா கிச்சன்ல நின்னா எங்கம்மா பொண்ணு கிளாஸ்ல உக்காந்திருக்கா. இந்தப் படத்துல அந்தப் பொண்ணு எங்கீங்க? இந்த ஸ்கூல்ல டெய்லி பிரேயர் சொல்றது நானுங்க."

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, பார்வதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மகள் கையில் இருந்த சட்டையைப் பார்த்தாள். அசிஸ்டென்ட்டைப் பார்த்தாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. வேலை, குவார்ட்டர்ஸ், மகள் படிப்பு, எல்லாம் இந்தச் சுவருக்குள் இருக்கிறது. வெளியாட்களோடு மகள் தகராறு செய்தாள் என்று பேச்சு வந்தால் என்ன ஆகும்?

"என்னா புள்ள இது? அவங்க சொன்ன சட்டையப் போட்டுக்கிட்டு செத்த நேரம் நிக்க ஏலாதா ஒனக்கு?"

"ஏலாதும்மா" என்றாள் மகள். அம்மாவிடம் பேசும்போது அவளுக்கும் அந்தச் சிலோன் பேச்சு வந்துவிட்டது.

பார்வதி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேக்கும்."

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வரும். பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், மூன்று பேரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். அப்போது யாரிடம் முதலில் பேசுவது என்பதுதான் முக்கியம். என்ன பேசுவது என்பது அப்புறம். என் கால் தானாக மதர் ஆபீஸ் பக்கம்தான் போகப் பார்த்தது. மதரிடம் சொல்லியிருந்தால் விஷயம் உடனே முடிந்திருக்கும். தன் சமையல்கட்டில் பதினாறு வயதுப் பெண் வேலைக்காரியாக நிற்கிறாள், அவள்மேல் திருட்டுப் பழி என்று தெரிந்தால் அனுமதியே போயிருக்கும். படம் நின்றிருக்கும். அந்தப் பையன் நிர்மலின் முதல் படம் அங்கேயே முடிந்திருக்கும். படத்தை நிறுத்தினவள் என்ற பெயர் யோகேஸ்வரிக்கு வந்திருக்கும். தப்பைச் செய்கிறவருக்கு அதைத் திருத்திக்கொள்ள முதல் வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மதரிடம் போகவில்லை.

"பார்வதி, நீ போய் அடுப்பைப் பாரு. பாப்பா எங்கூட இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் வராது, நான் பார்த்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொள்ள என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது.

நிர்மல் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மலை உச்சியிலிருந்து மூடுபனி இறங்கி மைதானத்தை மூட ஆரம்பித்திருந்தது. வெளிச்சம் போய்விடும் என்று கேமராமேன் கத்திக்கொண்டிருந்தார். ஹீரோயின் இரண்டு நாளில் கிளம்ப வேண்டும். பேசுவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. ஆனால் பனி நன்றாக மூடியதும் எல்லாமே நின்றுபோனது. நான் ஒரு கிளாஸ் டீயும் எங்கள் ஊர் பிஸ்கட்டான வர்க்கி இரண்டும் எடுத்துப்போய் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். யூனிட் முன்னால் டைரக்டரைத் திருத்தாதீர்கள். தப்பு என்று தெரிந்தாலும், பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

யோகேஸ்வரி சொன்னதை அப்படியே சொன்னேன். என்னுடையது என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவர் வர்க்கியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ரெண்டே ஷாட்தாங்க அக்கா. அதுக்குப் போய்..."

"ரெண்டு ஷாட்டுக்கு அந்தப் பிள்ளை ஆயுசு பூரா பதில் சொல்லணும் சார். இது அவ ஸ்கூலு."

"வேற யாரையாவது போட்டுக்கலாமா?"

"வேற கருப்பான பிள்ளையையா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வந்தது, தெரிந்தது. "நான் அப்படி நெனச்சு எழுதல அக்கா" என்றார். அது உண்மை என்றுதான் எனக்கும் பட்டது. நினைக்காமல் எழுதியதால்தான் அப்படி வந்தது.

"அந்தச் சட்டையை அவளுக்கு நான் போட்டுவிட மாட்டேன் சார். வேணும்னா ஆள் சேர்க்க வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டேன். டீ கிளாஸை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பனி விலகியதும் அன்று மீதி நாள் வகுப்பறைக்கு வெளியே இருக்கிற காட்சிகளை எடுத்தார்கள். என்னிடம் நிர்மல் பேசவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் முகம் மலர்ந்து வந்தார். ராத்திரி பூராவும் யோசித்தாராம். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி அக்கா. இந்த மலையோட எல்லா மக்களும் இந்தப் படத்துல தெரியணும். இன்னிக்கு அசெம்பிளி சீன். படகர் பொண்ணு அவங்க வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு நிக்கட்டும். முஸ்லிம் பொண்ணு பர்தாவுல. தோடர் சால்வை வாங்கிட்டு வர ஆள் அனுப்பிட்டேன். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பாஷையில வணக்கம் சொல்றாங்க. எப்படி?"

முதல் நாள் அவரிடம் மறுத்தபோது எனக்குப் பயம் இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை. இந்த இரண்டாம் நாள்தான் எனக்குப் பெரிய சோதனை. தெரியாமல் கெட்டது செய்கிறவரைத் தடுத்துவிடலாம். நல்லது செய்கிறோம் என்று சந்தோஷமாக வந்து நிற்கிறவரை எப்படித் தடுப்பது? அதுவும் என் பேச்சைக் கேட்டு வந்து நிற்கிறவரை?

"சார், இந்த பேட்ச்ல தோடர் பிள்ளை யாரும் இல்லீங்களே."

"யாருக்காவது போர்த்திவிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"தோடருக்குத் தெரியும் சார்."

பக்கத்தில் நின்ற ரம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க சார், அந்த வெள்ளைத் துணிய எங்க பெரியம்மாங்க கட்டுவாங்க. நான் ஊர்ப் பண்டிகைக்கே சுடிதார்தான் போடுவேன்."

ஷஹ்னா சிரிக்கவில்லை. "ஸ்கூலுக்குள்ள எல்லாரும் யூனிஃபார்ம்தானே சார்," என்றாள். "நான் மட்டும் ஏன் வேற மாதிரி நிக்கணும்?"

நிர்மல் முகம் வாடிவிட்டது. "அப்போ வித்தியாசம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். போன வாரம் போனில் எனக்கு வந்த கேள்வியும் இதுதான்.

நான் படித்த காலத்தை நினைத்தேன். என் பெஞ்சில் யார் யார் இருந்தார்கள்? பக்கத்தில் ஒரு கன்னடக்காரப் பெண், அந்தப் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண், பின்னால் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீ மேக்கர் மகள். அப்போது அவர்களை அப்படி யாரும் நினைத்ததில்லை. இவள் குளிருக்குப் பயப்படுவாள், அவள் கணக்குப் பரீட்சையில் காப்பியடிப்பாள், இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூங்குவாள். அவ்வளவுதான். வித்தியாசம் எங்கே தெரிந்தது என்றால், நாங்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தபோது.

"சார், எனக்கு ஒரு கால் மணி நேரம் கொடுங்க. கேமரா வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். சும்மா பாருங்க."

பிறகு மதரிடம் போனேன். நேற்று நடந்ததைச் சொல்லவில்லை. "மதர், அசெம்பிளி எப்படி நடக்கும்னு டைரக்டர் பார்க்கணும்ங்கறார். நீங்க நடத்திக் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். "எங்க முறையில நிக்கணும்னா எல்லாரும் நிக்கணும். உங்க பம்பாய்ப் பிள்ளைகளும்."

ஹாலில் வந்து தானே மணியை அடித்தார். படத்துக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அடித்துப் பிடித்து ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் செய்வது. அந்தப் பள்ளியில், எந்தப் பள்ளியிலும்தான், வரிசை உயரப்படி. குட்டையான பிள்ளை முன்னால், நெட்டையான பிள்ளை பின்னால். பம்பாய்ப் பெண்கள் மட்டும் நடுவில் நின்று எங்கே போவதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மதர் விரலால் காட்டினார். "நீ பின்னாடி. நீ அந்த ரம்யாவுக்குப் பின்னாடி. நீயும் பின்னாடி, குழந்தே, இத்தனை உயரமா இருந்துட்டு முன்னால நின்னா சின்னப் பிள்ளைங்க என்ன பார்க்கும்?"

இரண்டு நிமிஷத்தில் அந்த முன் வரிசை கலைந்து போனது. சிவப்பும் கருப்பும் மாநிறமும் ஒன்றோடு ஒன்று கலந்து, யார் எங்கிருந்து வந்தவர் என்று பார்க்க முடியாத மாதிரி ஆகிவிட்டது. மெரூன் ஸ்வெட்டர் மட்டும்தான் தெரிந்தது.

பிறகு யோகேஸ்வரி வரிசையிலிருந்து வெளியே வந்து முன்னால் நின்றாள். அவளுடைய சொந்த யூனிஃபார்ம். முழங்கையில் கம்பளி கொஞ்சம் பிரிந்திருந்தது. கையில் புத்தகம் எதுவும் இல்லை. "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று ஆரம்பித்தாள். கணீரென்ற குரல். திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளை. நான் பிறந்தது முதல் சொல்லி வந்த ஜெபத்தை என்னைவிடத் திருத்தமாகச் சொன்னாள்.

அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. என் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள் கையை நெற்றியிலிருந்து மார்புக்குக் கொண்டுபோய் சிலுவை போட்டார்கள், அதிலும் ஒருத்தி அவசரத்தில் ஈ ஓட்டுவது மாதிரி. ரம்யா கும்பிட்டு நின்றாள். ஷஹ்னா இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு முன்னால் விரித்து வைத்து, உதடு அசையாமல் நின்றாள். மார்வாடிப் பெண் ஒரு கண்ணைத் திறந்து வாட்சைப் பார்த்தாள். எல்லோரும் ஒரே ஜெபத்தில்தான் நின்றார்கள். ஆனால் ஒவ்வொருத்தி நின்றதும் வேறு மாதிரி. பாட்டு ஆரம்பித்ததும் பேச்சு வித்தியாசமும் வந்துவிட்டது. "ழ" ஒருத்திக்கு "ள" ஆனது, கூடலூர்ப் பிள்ளைக்கு ராகம் கொஞ்சம் இழுத்தது.

பின் வரிசையில் பம்பாய்ப் பெண்களில் ஒருத்தி, மற்றவர்கள் வாயை மூடி நிற்க, கூடவே பாட்டின் ராகத்தை முணுமுணுத்தாள். முடிந்த பிறகு கேட்டேன். அரைகுறைத் தமிழில், அவளும் ஒரு கான்வென்டில் படித்தவள்தான் என்றாள். மங்களூர்ப் பக்கம். "ஒவ்வொரு கிறிஸ்மஸ் டிராமாவிலயும் எனக்கு மாதா வேஷம் ஆன்ட்டி. வெள்ளையா இருக்கேன்னு. பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் ஒரு டயலாக் தரல. சும்மா உக்காரணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளையும் முன் பெஞ்சில் அவளுக்காக இல்லை, நிறத்துக்காகத்தான் உட்கார வைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த வேனில் வந்தவர்களை நான் ஒரு கூட்டமாகத்தான் பார்த்திருந்தேன்.

நிர்மல் ஹால் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நேராகக் கேமராமேனிடம் போய், "இந்த வரிசையை அசைக்காதீங்க. இப்படியே எடுத்துடலாம்" என்றார். சால்வை வாங்கப் போன பையன் அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோனான்.

மதியம் அவர் அசிஸ்டென்ட்களோடு உட்கார்ந்து சமையல்கட்டுக் காட்சியை மாற்றி எழுதினார். செயின் காணாமல் போகும் பகுதியை அடியோடு எடுத்துவிட்டார். இந்தப் படத்தின் கம்பெனி மேனேஜர் என்னை முறைத்துக்கொண்டே போனார். அரை நாள் வேலை வீணாகிவிட்டது என்று அவருக்குக் கோபம். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், சரியாகப் பேசினால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நினைத்து யாரும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட வேண்டாம்.

புதிய காட்சியில் கிச்சனில் பரிமாறுகிற அம்மாவாகப் பார்வதியே நிற்க வேண்டும் என்று நிர்மல் கேட்டார். அவள் ஓடி ஒளிந்துகொண்டாள். "எனக்கு நடிக்க ஏலாதுங்கக்கா." மகள்தான் போய் அழைத்து வந்தாள். "நடிக்க வேணாம்மா. சோறு போடு, போதும்."

பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருகிறார்கள். பார்வதி சாம்பார் ஊற்றுகிறாள். யோகேஸ்வரியும் அந்த வரிசையில் வருகிறாள். நிர்மல் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உங்க பொண்ணு வரும்போது மட்டும் ஒரு கரண்டி கூட ஊத்துங்க. அப்போ ஆடியன்ஸுக்குப் புரியும்."

பார்வதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அந்த இரண்டு நாளில் டைரக்டரிடம் நேராகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"எல்லாப் புள்ளைக்கும் ஒரே கரண்டிதாங்க சார். எம்புள்ளைக்கு கூட ஊத்தினா மத்த புள்ளைங்க பாக்கும்ல. அப்புறம் எம்புள்ள எப்படி அதுங்களோட ஒக்காந்து சாப்பிடும்?"

அப்படியே எடுத்தார்கள். மகள் தட்டை நீட்டுகிறாள், அம்மா ஒரு கரண்டி ஊற்றுகிறாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த தட்டுக்குப் போகிறாள். மகளும் நிற்காமல் நகர்கிறாள். மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த காஸ்ட்யூமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். குளிர் என்றார்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன்? இத்தனை படகர், இத்தனை சிலோன், இத்தனை மலையாளி என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். காலை மணி அடிக்கும்போது ஓரமாக நில்லுங்கள். அவர்கள் நிற்கிற மாதிரி நிற்க விடுங்கள். டைரக்டர் நல்லவராக இருந்தாலும், குறிப்பாக நல்லவராக இருந்தால், உடனே சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

படம் ஓஹோவென்று ஓடவில்லை. ஊட்டியில் தியேட்டருக்கு வந்தபோது நான் பார்வதியையும் யோகேஸ்வரியையும் காலை ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் பாதி தியேட்டரை நிரப்பியிருந்தார்கள். பிரேயர் காட்சி வந்ததும் "ஏய் ரம்யா! ஷஹ்னா பாருடி!" என்று ஒரே கூச்சல். யோகேஸ்வரி குரல் வந்தபோது மட்டும் எல்லோரும் அமைதியானார்கள். அவள் நாற்காலியில் கீழே கீழே சரிந்துகொண்டே போனாள். பார்வதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக் காட்சி வந்தது, போனது. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். கமர்ஷியல் ரோட்டில் நல்ல வெயில். பார்வதி முந்தானையை முறுக்கிக்கொண்டே நடந்தாள். ஏதோ சொல்லத் தயங்குகிறாள் என்று தெரிந்தது.

"என்ன பார்வதி, பிடிச்சதா?"

"நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. ஆனா..."

"சொல்லு, பரவால்ல."

"தப்பா நெனைக்காதீங்க. நம்ம ஸ்கூல்ல புள்ளைங்க சாமி கும்புடும், அப்புறம் சோறு திங்கும். இது டெய்லி நடக்குறதுதானேக்கா. இத என்னாத்துக்கு இவ்வளவு பேரு வந்து படம் புடிச்சாங்க?"

யோகேஸ்வரி நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பார்வதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கோ அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.